முதல் சைரன்

ஜாப்ளினில் தெருப் பெயர்களைத் தரையில் எழுதி வைத்திருந்தார்கள். பெயர்ப் பலகை தாங்கிய கம்பங்களே இல்லாமல் போனபின் வேறு என்ன செய்வது? ஒவ்வொரு முக்கிலும் தார்ச்சாலையின் மேல் ஸ்ப்ரே பெயின்டில் பெரிய பெரிய எழுத்துகள். எங்கள் வேனில் இருந்த ஜி.பி.எஸ். கருவி பாட்டுக்கு வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பினால் அங்கே ஒன்றுமில்லை. வீட்டு எண்ணைக் கிடைத்த ஒட்டுப்பலகையில் எழுதி அஸ்திவாரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் கீழே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர். சிலவற்றில் 'நாங்கள் எல்லாரும் நலம்' என்று ஒரு வரி. இன்னும் நின்றுகொண்டிருந்த சுவர்களில் பெருக்கல் குறி போட்டு, அதன் நான்கு மூலைகளிலும் ஏதோ எழுதியிருந்தது. தேடுதல் குழுவின் பெயர், தேதி, உள்ளே இருக்கும் ஆபத்து, கண்டெடுத்தவர்கள் எத்தனை பேர். அந்தக் கீழ் மூலையில் சைபர் இருக்கிறதா என்று பார்ப்பதே கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பழக்கமாகிவிட்டது.

அது 2011, ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை. நாங்கள் ஆர்கன்சாவின் பென்டன்வில்லிலிருந்து போயிருந்தோம். வால்மார்ட்டின் தலைமையகம் இருக்கும் ஊர். அதை நம்பி வந்த ஐ.டி. ஆட்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம். அங்கிருந்து 71ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், பெல்லா விஸ்டாவின் சிக்னல்களில் நின்று நின்று போனாலும், ஒன்றரை மணி நேரத்தில் மிசௌரி மாநிலத்து ஜாப்ளின். ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். ஒரு காலத்தில் ஈயமும் துத்தநாகமும் தோண்டிச் செழித்தது. பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலை அதன் வழியாகத்தான் போகிறது. எங்களுக்கு அது பெயர் தெரிந்த பக்கத்து ஊர், அவ்வளவுதான்.

மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை 5.41 மணிவாக்கில் டொர்னாடோ அந்த ஊருக்குள் நுழைந்தது. காற்றின் வேகம் மணிக்கு 200 மைலுக்கு மேல். அளவுகோலில் அதற்கு மேல் படியில்லாத இ.எஃப்.5. அகலம் ஒரு மைலை எட்டியது. மொத்தம் 22 மைல் ஓடியதில் ஆறு மைல் ஊரின் நட்டநடுவே. 161 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதம். அமெரிக்காவில் 1950இல் முறையான பதிவுகள் தொடங்கியபின் ஒரே டொர்னாடோவில் இவ்வளவு பேர் இறந்ததில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லாரும் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தார்கள் என்பதைவிடக் கேட்டார்கள் என்பதே சரி. ஒரு பெட்ரோல் பங்க்கின் கடையில் மாட்டிக்கொண்டவர்கள், பீர் வைக்கும் குளிர் அறைக்குள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தபோது யாரோ ஒருவரின் போனில் பதிவானது அது. படம் முழுக்க இருட்டு. கண்ணாடி உடையும் ஓசை, குழந்தையின் அழுகை, இயேசுவை அழைக்கும் குரல், ஒருவரை ஒருவர் பார்த்து 'ஐ லவ் யூ' என்று சொல்வது. கடை இல்லாமல் போயிற்று, குளிர் அறையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். நாங்கள் போவதென்று முடிவுசெய்தது அந்த வீடியோவைக் கேட்ட பிறகுதான்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். புயல் எனக்குப் புதிதில்லை. துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் ஊரே இரண்டு நாள் அதைப் பற்றித்தான் பேசும். கூண்டின் எண் ஏற ஏறப் படகைக் கரையேற்றுவது, மண்ணெண்ணெய் வாங்கி வைப்பது, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்பது என்று ஒவ்வொன்றாக நடக்கும். புயல் போனபின் பார்த்தால் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி அடிவாங்கியிருக்கும். டொர்னாடோ அப்படியில்லை. ஜாப்ளினில் ஒரு தெரு தரைமட்டமாகிக் கிடந்தது. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் தொங்கிய பூத்தொட்டி தொங்கியபடியே இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, புல் வளர்ந்தால் வெட்டத்தானே வேண்டும். ஆனாலும் அந்த இயந்திரத்தின் சத்தம் எனக்கு என்னவோ செய்தது.

அழிந்த பகுதியின் மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓக் மரங்களில் இலை இல்லை, கிளை இல்லை என்பதோடு பட்டையும் இல்லை. பறந்து வந்த சரளையும் மரத்துண்டும் அராவி எடுத்திருந்தன. தோலுரித்த மரவள்ளிக் கிழங்கைப்போல வெள்ளை வெளேரென்று அடிமரங்கள் மட்டும் நின்றன. சிலவற்றைச் சுற்றித் தகரம் துணிபோல முறுக்கிக் கிடந்தது.

தன்னார்வலர்களை மிசௌரி சதர்ன் பல்கலைக்கழக வளாகத்தில் பதிவு செய்தார்கள். ஊரின் வடகிழக்கில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. டொர்னாடோ வந்த அதே நாள் மாலைதான் ஜாப்ளின் உயர்நிலைப் பள்ளியின் பட்டமளிப்பு விழா, அதுவும் இந்த வளாகத்தில் நடந்திருக்கிறது. பள்ளியிலேயே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பள்ளிக் கட்டடம் கிடந்த கிடையைப் பார்த்தால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெயர்ப் பலகையில் ஜாப்ளின் என்ற சொல்லில் 'ஓ', 'பி' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. யாரோ முன்னால் ஒரு 'ஹெச்', பின்னால் ஓர் 'ஈ' ஒட்டி, அதை 'ஹோப்' ஆக்கியிருந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் படம் எடுத்துப் போட்டன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது பள்ளிக் கண்காணிப்பாளரின் அறிவிப்பு. ஆகஸ்ட் 17 அன்று பள்ளி திறக்கும் என்று டொர்னாடோ வந்த சில நாட்களிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னபடி திறந்தார்கள். மேல் வகுப்புகள் இரண்டும் ஒரு ஷாப்பிங் மாலில் காலியாகக் கிடந்த கடைக்குள் நடந்தன.

பதிவு முடிந்ததும் கையில் ஒரு பட்டை கட்டி, கையுறையும் முகமூடியும் கொடுத்தார்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டார்கள். எங்கள் வேனில் வந்த அக்கா ஒருவர் பழைய துணிகள் இரண்டு மூட்டை கொண்டுவந்திருந்தார். வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த அம்மையார் அவற்றை மிக மரியாதையாக வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் பின்னால் துணி மலையாகக் குவிந்திருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் நாகையிலும் லாரி லாரியாக வந்து இறங்கிய பழந்துணி சாலையோரம் கிடந்து மழையில் மக்கியது. அடிபட்ட ஊருக்குத் தேவை என்ன என்று கேட்காமல் வீட்டில் வேண்டாததை அனுப்புவது தர்மத்தில் சேராது. இதை அந்த அக்காவிடம் திரும்பி வரும்போது சொன்னேன். "அப்போ எதைத்தான் தம்பி கொண்டு வரணும்?" என்றார். பணம் என்றேன். அதற்குப்பின் அவர் பேசவில்லை.

எங்களை ஒரு பேருந்தில் ஏற்றி இருபதாம் தெருவுக்குத் தெற்கே இறக்கிவிட்டார்கள். வேலை என்பது பிரிப்பதுதான். மனையில் கிடப்பதையெல்லாம் வாரிச் சாலையோரத்துக்குக் கொண்டுவந்து தனித்தனிக் குவியலாகப் போட வேண்டும். மரமும் கிளையும் ஒன்று, கட்டட இடிபாடு ஒன்று, அடுப்பு, வாஷிங் மெஷின் வகையறா ஒன்று, டி.வி., கம்ப்யூட்டர் ஒன்று, பெயின்ட் டப்பாவும் பூச்சிமருந்தும் ஒன்று. ஃப்ரிட்ஜைத் திறக்கவே கூடாது. கதவைச் சுற்றி டேப் ஒட்டி அப்படியே தள்ளிவர வேண்டும், உள்ளே இறைச்சி இரண்டு வாரமாக அழுகிக்கொண்டிருந்தது. எங்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு. சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்க வைக்கிற கண்ணாடி இழைப் பஞ்சு அது, தோலில் பட்டால் அரித்துக் கொல்லும். அதன் மேல் நனைந்து காய்ந்த சுவர்ப்பலகையின் புளித்த வாடை. நண்பகலில் வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலுக்கு ஒதுங்க ஒரு மரமோ சுவரோ கண்ணுக்கெட்டிய வரை கிடையாது.

அந்த மனைக்குரிய மூதாட்டி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். இரண்டு பாதங்களிலும் கட்டு, அதன் மேல் யாரோ கொடுத்த ஆண்கள் அணியும் பெரிய செருப்பு. நாங்கள் எதை எடுத்தாலும் காட்டச் சொன்னார். காட்டியவற்றில் பாதிக்கு மேல் அவருடையது இல்லை. பந்து உருட்டும் போட்டியில் யாரோ வென்ற கோப்பை, ஒரு பல் மருத்துவரின் நோயாளிச் சீட்டுகள், யாருடைய கல்யாண ஆல்பமோ ஒன்று. "என் சாமான் எல்லாம் வேறு யாருடைய தோட்டத்திலோ கிடக்கிறது. அவர்கள் சாமான் என்னிடம் இருக்கிறது" என்று சிரித்தார். அந்த ஆல்பத்தை மட்டும் வாங்கி, பக்கங்களில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். மணமகளின் முகத்தில் ஒரு கீறல் இருந்தது. கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, புகைப்படங்களுக்கென்று வைத்திருந்த அட்டைப் பெட்டியில் போட்டார். ஜாப்ளினின் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்களும் ஆவணங்களும் அறுபது எழுபது மைல் தள்ளி வயல்களில் விழுந்துகிடந்த காலம் அது. பக்கத்து ஊரான கார்த்தேஜில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தார் இப்படிச் சிதறிய புகைப்படங்களை வாங்கிக் கழுவிச் சேர்த்து, உரியவர்களைத் தேடிக் கொடுக்கத் தொடங்கினார்கள். முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேல் அவர்களிடம் சேர்ந்தன.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கே யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை, 5.41க்கு எங்கே இருந்தேன் என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

"முதல் சைரன் அடித்தபோது டி.வி. போட்டேன். பேஸ்மென்ட் இருப்பவர்கள் பேஸ்மென்டுக்குப் போவார்கள். எனக்கு ஏது பேஸ்மென்ட்? வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன்" என்றார். மேற்கே கறுத்திருந்தது, மழை வரும்போல இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. சைரன் நின்றது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்து உள்ளே வந்து பாத்திரம் கழுவியிருக்கிறார். இரண்டாவது சைரனுக்கு மகளுக்குப் போன். வேறு ஊரில் இருந்த மகள் டி.வி.யைப் பார்த்துவிட்டு, "அம்மா, பாத்ரூமுக்குப் போ" என்று அலறியிருக்கிறார். சோபாவின் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குளியல் தொட்டிக்குள் படுத்ததுதான் தெரியும். எழுந்தபோது தொட்டியும் அதைச் சுற்றி இரண்டு சுவரும் மட்டும் மிச்சம். செருப்பு சோபாவின் பக்கத்தில் இருந்தது, சோபாவே இல்லை. வெறுங்காலோடு இறங்கினார். தரையெங்கும் ஆணியும் கண்ணாடியும். நாலு வீடு தள்ளியிருந்த பையன் தோளில் தூக்கிக்கொண்டு போனானாம்.

அவர் செய்ததில் விசித்திரம் ஒன்றுமில்லை என்பது பிறகு அறிக்கைகளைப் படித்தபோது தெரிந்தது. அன்று முதல் சைரன் ஒலித்தது 5.11க்கு. அது இந்த டொர்னாடோவுக்காக அடித்ததே இல்லை, சற்று வடக்கே போய்க்கொண்டிருந்த வேறொரு புயல்மேகத்துக்காக. ஊரை அழித்த மேகத்துக்கான எச்சரிக்கையை வானிலை மையம் வெளியிட்டது 5.17க்கு. டொர்னாடோ தரையைத் தொட்டது 5.34க்கு. பதினேழு நிமிடம் அவகாசம் இருந்திருக்கிறது. ஆனால் நகரத்தின் சைரன் மறுபடி ஒலித்தது 5.38க்குத்தான். அதற்குள் மழைத்திரை டொர்னாடோவை முழுக்க மூடிவிட்டது. வாசலில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கைபேசிக்கு நேராக அரசின் எச்சரிக்கை வரும் ஏற்பாடு அப்போது இல்லை, 2012 ஏப்ரலில்தான் அது தொடங்கியது.

வானிலைத் துறை பிழைத்தவர்களிடம் பேசிப் பார்த்தது. பெரும்பாலானோர் முதல் எச்சரிக்கைக்கு அசையவில்லை. டி.வி.யைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, உறவினரை அழைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளம் கிடைத்த பிறகே ஒளிய இடம் தேடியிருக்கிறார்கள். வசந்த காலத்தில் அந்தப் பிரதேசத்தில் சைரன் அடிப்பதும் ஒன்றும் நடக்காமல் போவதும் வாடிக்கை. எங்கள் அபார்ட்மென்டில் சைரன் ஒலித்தால் ஆண்கள் எல்லாரும் காபி டம்ளரோடு பால்கனிக்கு வந்துவிடுவார்கள். அசட்டுத் துணிச்சல் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கண்ணால் கண்டபின் நம்புவது மனித சுபாவம், அன்று அந்தச் சுபாவமே ஆளைக் கொன்றது. மறு ஆண்டே கன்சஸ், மிசௌரி மாநிலங்களின் வானிலை அலுவலகங்கள் எச்சரிக்கையின் வாசகத்தை மாற்றின. டொர்னாடோ வரக்கூடும் என்பதோடு நிற்காமல், வீடுகள் அழியும், உயிர் போகும் என்று பச்சையாகச் சொல்லத் தொடங்கின.

திரும்பும் வழியில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையைப் பார்த்தோம். ஒன்பது மாடிக் கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது, ஜன்னல்கள் இருந்த இடமெல்லாம் கருங்குழிகள். அங்கே கட்டடம் சரிந்து யாரும் சாகவில்லை. மின்சாரம் போய், ஜெனரேட்டரும் அழிந்து, மூச்சுக்கருவி நின்றதால் ஐந்து நோயாளிகள் போனார்கள். பார்க்க வந்த ஒருவரும் இறந்தார். அப்போது அங்கே இருந்த 183 நோயாளிகளில் மற்ற எல்லாரையும் ஊழியர்கள் இருட்டுப் படிக்கட்டில் தூக்கி இறக்கினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கட்டடத்தைக் காலி செய்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் போதாமல் கதவுகளைக் கழற்றினார்கள், ஆம்புலன்ஸ் போதாமல் பிக்கப் வண்டிகளில் ஏற்றினார்கள்.

சாவு அன்றோடு நிற்கவும் இல்லை. நாங்கள் போய்வந்த அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. மண்ணிலும் மக்கிய மரத்திலும் இருக்கும் ஒரு பூஞ்சை, மரச்சில்லு குத்திய காயங்கள் வழியாக உடம்புக்குள் போய்ச் சதையைத் தின்றுகொண்டிருந்தது. மியூகோர்மைக்கோசிஸ். பதின்மூன்று பேருக்கு வந்தது, ஐந்து பேர் இறந்தார்கள். நம் ஊரில் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்று கேள்விப்பட்டோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முகமூடியும் கையுறையும் எதற்கு என்று வெயிலில் முணுமுணுத்தவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். அதற்குப்பின் ஜாப்ளினுக்குப் போன எவரும் முணுமுணுக்கவில்லை.

பழைய மருத்துவமனையை 2012இல் இடித்தார்கள். 2015 மார்ச்சில் வேறிடத்தில் புதிது திறந்தது. அந்த ஆண்டு கடைசியில் அந்தப் பக்கம் போனபோது போய்ப் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிகள் மணிக்கு 250 மைல் காற்றைத் தாங்கும் என்கிறார்கள். பள்ளிகளிலும் பாதுகாப்பு அறைகள் கட்டியிருக்கிறார்கள். கன்னிங்ஹாம் பூங்காவில் இறந்தவர்களுக்காக 161 மரங்கள் நட்டிருக்கிறார்கள். முன்பு வீடுகள் நின்ற இடத்தில் அவற்றின் கோட்டுருவை மட்டும் இரும்புச் சட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பையன்கள் அதற்குள் புகுந்து ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நினைவிடங்கள் அப்படி இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஜாப்ளினை ஆராய்ந்த அரசு ஆய்வுக்குழுவின் பரிந்துரையால், அமெரிக்க சிவில் இன்ஜினீயர்கள் சங்கம் தன் கட்டட விதிநூலின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் டொர்னாடோவின் விசையையும் கணக்கில் எடுக்கச் சொல்லிவிட்டது. அதுவரை அது கணக்கிலேயே இல்லை. ஆனால் அந்த விதி பள்ளிகள், மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையங்கள் போன்ற முக்கியக் கட்டடங்களுக்கு மட்டும். நீங்களும் நானும் குடியிருக்கும் சாதாரண வீட்டுக்கு அது பொருந்தாது.

எனவே டாலஸிலும் ஓக்லஹோமாவிலும் பென்டன்வில்லிலும் வீடு வாங்கியிருக்கும், வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வார இறுதியில் பேஸ்மென்ட் இருந்தால் அதைச் சாமான் அடைக்காமல் காலிசெய்து வையுங்கள். இல்லையென்றால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, வீட்டின் நடுவில் இருக்கும் குளியலறையோ அலமாரி அறையோ எது என்று பார்த்து வையுங்கள். மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் கீழ் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் அந்த இடத்தைக் காட்டுங்கள், பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். அங்கே ஆளுக்கொரு ஜோடி பழைய ஷூ கிடக்கட்டும். முதல் சைரனுக்கே உள்ளே போய்விடுங்கள், வானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.